வரைபடத்தில் சிவப்பு: கலிஃபோர்னியாவின் காட்டுத்தீ அபாய மண்டலம் சொல்வதும் சொல்லாததும்

2025 பிப்ரவரி 24 அன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கான புதிய காட்டுத்தீ வரைபடங்கள் வெளியாயின. அன்று மாலையே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒன்று வந்துவிட்டது. மலையோரம் சிவப்பு, அதை ஒட்டி ஆரஞ்சு, அதற்கும் வெளியே மஞ்சள். "சிட்டி கவுன்சில் நம்ம ஏரியாவைச் சிவப்புல போட்டுட்டாங்க, இனி இன்சூரன்ஸ் அவ்வளவுதான்" என்றார் ஒருவர். "நாங்க கூரையையே மாத்திட்டோம், ரசீதைக் காட்டினா நிறத்தை எடுத்துடுவாங்க" என்றார் இன்னொருவர். மூன்றாமவரின் தெருவுக்கு நிறமே இல்லை. "தப்பிச்சோம்" என்று எழுதிக் கைகூப்பும் பொம்மை ஒன்றையும் போட்டார்.

மூன்று பேரும் படித்தவர்கள், வீட்டுக்கடன் கட்டுபவர்கள். மூன்று பேர் சொன்னதும் தவறு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மாநிலம் வெளியிட்ட விளக்கங்களில் சொற்கள் அப்படிக் குழப்புகின்றன. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

வளைவுப் பலகையும் உங்கள் காரும்

மலைப்பாதையில் 'அபாயகரமான வளைவு' என்று ஒரு பலகை நிற்கும். அது எதைப் பற்றிச் சொல்கிறது? வளைவைப் பற்றி. உங்கள் காரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிரேக் புதிதா, டயர் தேய்ந்ததா, ஓட்டுபவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாரா என்று அது பார்ப்பதில்லை. நீங்கள் புது டயர் போட்டுக்கொண்டு போய்ப் பலகையை எடுக்கச் சொன்னால் சிரிப்பார்கள். டயர் மாறியதால் வளைவு நிமிர்ந்துவிடாது.

வளைவு இருப்பது அபாயம். அந்த வளைவில் உங்களுக்கு எவ்வளவு சேதம் வரக்கூடும் என்பது ரிஸ்க். பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். இந்த விஷயத்தில் மட்டும் அவற்றைப் பிரித்து வைத்தாக வேண்டும், ஏனென்றால் வரைபடம் அபாயத்தை மட்டும்தான் காட்டுகிறது. அதன் முழுப்பெயர் 'தீ அபாயத் தீவிர மண்டலம்'. ஓர் இடத்தின் நிலம், செடிகொடி, காற்று, பழைய தீ வரலாறு ஆகியவற்றைப் பார்த்து, அடுத்த 30 முதல் 50 ஆண்டுகளில் அங்கே தீ வரும் வாய்ப்பு என்ன, வந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணித்துப் போட்ட எல்லைக்கோடு அது. மிதம், அதிகம், மிக அதிகம் என்று மூன்று படி. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் அவற்றுக்குத்தான்.

30 முதல் 50 ஆண்டுகள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். போன வருடம் எரிந்து கருகிய மலைச்சரிவும் சிவப்பாகவே இருக்கும். இன்று எரிய ஒன்றும் இல்லைதான். ஆனால் புதர் சில ஆண்டுகளில் திரும்ப வளர்ந்துவிடும். அதே காரணத்தால் நீங்கள் வெட்டிய புல்லும் மாற்றிய கூரையும் கணக்கில் வராது. அவை ரிஸ்கைக் குறைக்கின்றன, நன்றாகவே குறைக்கின்றன. வளைவை நிமிர்த்துவதில்லை.

சுருக்கமாக: வரைபடம் இடத்தின் குணத்தைச் சொல்கிறது. உங்கள் வீடு தாங்குமா என்பதைச் சொல்லவில்லை.

தீ எப்படி நடக்கிறது

வரைபடத்தின் பின்னால் இருப்பது ஒரு கணினிக் கணக்கு. அதன் உள்ளே போக வேண்டாம். ஆனால் அது எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால், உங்கள் தெருவுக்கு ஏன் அந்த நிறம் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி மருந்துத் தலை கீழே வருமாறு பிடித்துப் பாருங்கள். நெருப்பு சரசரவென்று விரலை நோக்கி ஏறும். தலை மேலே இருந்தால் தயங்கித் தயங்கித்தான் இறங்கும். மலைச்சரிவும் அப்படித்தான். கீழே எரியும் தழல் மேலே இருக்கும் புதரை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. அதனால் தீ மேல்நோக்கி ஓடும்போது வேகம் கூடும். சரிவின் உச்சியில், நல்ல காட்சி தெரியும் இடத்தில் இருக்கிற வீட்டுக்கு விலை ஏன் அதிகமோ, அபாயம் அதிகமாக இருப்பதற்கும் அதே சரிவுதான் காரணம்.

அடுத்தது எரிபொருள். தீயணைப்பாளர் பேச்சில் எரிபொருள் என்றால் பெட்ரோல் இல்லை. எரியக்கூடிய புல், புதர், மரம், சருகு எல்லாமே எரிபொருள்தான். புல் சட்டென்று பற்றிச் சட்டென்று அணையும். கலிஃபோர்னியாவின் மலைகளை மூடியிருக்கும் அடர்ந்த புதர்க்காடு வேறு ஜாதி. உயரமான தழலோடு, நின்று எரியும்.

மூன்றாவது காற்று. கோடை முழுக்கக் காய்ந்த நிலத்தின் மேல், இலையுதிர்காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி ஈரமற்ற காற்று பாய்ந்து வரும். தெற்கே சான்டா அனா காற்று என்பார்கள், வடக்கே டியாப்லோ காற்று. இந்த மாநிலத்தின் மிக மோசமான தீ நாள்கள் பலவும் இந்தக் காற்று வீசிய நாள்கள்தான்.

நான்காவது விஷயத்தைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. கடுகு தாளிக்கும்போது எண்ணெய் எங்கெல்லாம் தெறிக்கும்? அடுப்பைத் தாண்டி, மேடையைத் தாண்டி, துடைத்து வைத்த சுவர் வரைக்கும். காட்டுத்தீயும் தெறிக்கும். எரிகிற பட்டை, கிளைத்துண்டு, கூரை ஓட்டுத் துண்டு எல்லாம் காற்றில் எழும்பி முன்னால் பறக்கும். இவை கங்குகள். பலத்த காற்றில் ஒரு மைலுக்கு மேலும் போகும். காட்டுத்தீயில் எரியும் வீடுகளில் பெரும்பாலானவை முன்னேறி வரும் தீச்சுவர் நேரே தொட்டு எரிபவை அல்ல. கங்கு கூரைக் காற்றுத்துளை வழியாக உள்ளே போயிருக்கும், அல்லது சுவரோரம் கிடந்த சருகில் விழுந்திருக்கும், அல்லது வாசல் கால்மிதியில். வீடு அங்கிருந்து எரியத் தொடங்கும்.

அதனால்தான் காட்டுக்குள் இல்லாத, காட்டை ஒட்டிய வீட்டு வரிசைகளுக்கும் நிறம் விழுகிறது. மலை முடியும் இடத்தில் சிவப்பு நின்றுவிடாமல் ஊருக்குள் நீண்டு, தூரம் கூடக்கூட ஆரஞ்சாகி, மஞ்சளாகி, மறைகிறது. அந்தப் பட்டைகள் ஏறக்குறைய கங்கு தெறிக்கும் தூரத்தின் படம். உங்கள் வீட்டுக்கு ஆரஞ்சும் எதிர்வீட்டுக்கு மஞ்சளும் வந்தால் யாரும் உங்களைக் குறிவைக்கவில்லை. கோட்டை எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும்.

வரைவது ஒருவர், அறிவிப்பது இன்னொருவர்

'சிட்டி கவுன்சில் போட்டுட்டாங்க' என்ற முதல் கருத்துக்கு வருவோம்.

கலிஃபோர்னியாவின் நிலம், தீயை அணைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை வைத்து மூன்றாகப் பிரிந்திருக்கிறது. தேசியக் காடுகள் போன்றவை மத்திய அரசின் பொறுப்பு. நகரங்களுக்கு வெளியே இருக்கும் புல்வெளி, மலை, காடு ஆகியவற்றில் பெரும்பகுதி மாநிலப் பொறுப்புப் பகுதி. அதைக் கவனிப்பது கால்ஃபயர் எனப்படும் மாநில வனவளம் மற்றும் தீயணைப்புத் துறை. நகரங்களும் ஊர்ப்புறங்களும் சேர்ந்தது உள்ளாட்சிப் பொறுப்புப் பகுதி. அங்கே நகர அல்லது கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) தீயணைப்புத் துறைதான் முதலில் வரும். இந்தக் கட்டுரை பேசுவது இந்த மூன்றாவதைப் பற்றி. வாட்ஸ்அப்பில் சண்டை நடந்ததும் இதைப் பற்றித்தான்.

மாநிலப் பகுதிக்கான வரைபடத்தை மாநிலமே வரைந்து மாநிலமே அமல்படுத்தும். புதுப்பித்த படம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சிப் பகுதியில் வேலை இரண்டாகப் பிரிகிறது. கால்ஃபயருக்குள் இருக்கும் மாநிலத் தீயணைப்பு மார்ஷல் அலுவலகம் வரைபடத்தைத் தயாரித்து நகரத்துக்கோ கவுன்ட்டிக்கோ அனுப்பும். கையில் கிடைத்த 30 நாளுக்குள் அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 120 நாளுக்குள் மன்றத்தில் ஆர்டினன்ஸ் நிறைவேற்றி அந்த மண்டலங்களை முறைப்படி அறிவிக்க வேண்டும். (ஊரில் ஆர்டினன்ஸ் என்றால் சட்டமன்றம் கூடாதபோது கொண்டுவரும் அவசரச் சட்டம். இங்கே அது நகர மன்றமோ கவுன்ட்டி மன்றமோ இயற்றும் சாதாரண உள்ளூர்ச் சட்டம். அவசரம் எதுவும் இல்லை.)

சரி, மன்றம்தானே அறிவிக்கிறது, அப்படியானால் மன்றத்தால் மாற்றவும் முடியும் அல்லவா? முடியும், ஒரே திசையில். தகுந்த ஆதாரம் இருந்தால் மஞ்சளை ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ உயர்த்தலாம். மாநிலம் விட்டுவிட்ட இடத்தைப் புதிதாகச் சேர்க்கலாம். படியைக் குறைக்கச் சட்டம் இடம் தரவில்லை. விலைப் பலகையைப் பார்த்துவிட்டுக் கூடுதலாக வேண்டுமானால் கொடுக்கலாம், பேரம் பேசக் கூடாது என்பது போல.

இது தெரியாமல் 2025 வசந்தத்தில் பல ஊர்களில் மக்கள் மன்றக் கூட்டங்களுக்குப் போய் வரிசையில் நின்று, தங்கள் தெருவின் நிறத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் கையை விரித்தார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டில் மக்கள் கருத்துக் கேட்பு என்று பெயர் வைத்தது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவுக்கு முன்னால் 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று எழுதி வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் கதவை ஏன் அப்படி மாட்டினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1991 அக்டோபரில் ஓக்லாந்து மலைப்பகுதியில் மூண்ட தீயில் 25 பேர் இறந்தார்கள், சுமார் 3,000 குடியிருப்புகள் அழிந்தன. அது நடுக்காடு அல்ல, வளைகுடாவைப் பார்த்துக் கட்டிய நகர வீடுகள். அடுத்த ஆண்டே, 1992இல், நகரங்களுக்குள்ளும் மிக அதிக அபாயப் பகுதிகளை அடையாளம் காண வேண்டும் என்று சட்டம் வந்தது. தொடக்கத்தில் உள்ளாட்சிகள் காரணம் காட்டிச் சில பகுதிகளுக்கு விதிவிலக்கு கொடுக்க வழி இருந்தது. நிலத்தின் மதிப்பு இறங்கும், வாக்காளர் கோபப்படுவார் என்ற அழுத்தம் உள்ளூர் மன்றத்தின் மேல்தான் முதலில் விழும். அந்த வழி பிறகு அடைக்கப்பட்டது.

சுருக்கமாக: கோடு போடுவது மாநிலம். முத்திரை குத்துவது உள்ளாட்சி. உள்ளாட்சி கூட்டலாம், குறைக்க முடியாது.

திடீரென்று இத்தனை நிறம் ஏன்?

2007 முதல் 2011 வரை வெளியான பழைய வரைபடங்களில் உள்ளாட்சிப் பகுதிக்குச் சிவப்பு மட்டும்தான் இருந்தது. மிக அதிகம், அல்லது ஒன்றுமில்லை. 2021இல் வந்த சட்டத் திருத்தம் மிதம், அதிகம் என்ற இரண்டு படிகளையும் நகரங்களுக்குக் கொண்டுவந்தது. அதனால் பல ஆண்டுகளாக வெள்ளையாக இருந்த தெருக்கள் ஒரே நாளில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறின. நிலம் ஒரே இரவில் கெட்டுப்போகவில்லை. பாஸ், ஃபெயில் என்று மட்டும் இருந்த ரிப்போர்ட் கார்டில் மதிப்பெண் போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

அதோடு கணக்கும் புதிது. காற்றும் வறட்சியும் இடத்துக்கு இடம் எப்படி வேறுபடுகின்றன என்ற நுணுக்கமான தரவும், கங்கு பறப்பதைக் கணிக்கும் மேம்பட்ட முறையும் சேர்ந்திருக்கின்றன. 2025 பிப்ரவரி 10 தொடங்கி மார்ச் 24 வரை நான்கு தவணைகளாக வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி கடைசித் தவணையில் வந்தது, ஜனவரியில் பற்றிய இரண்டு பெருந்தீகளின் சாம்பல் இன்னும் அள்ளி முடியாத நேரத்தில்.

நிறம் வந்தால் என்ன மாறும்?

மஞ்சளுக்கு நடைமுறையில் ஏறக்குறைய எதுவும் மாறாது.

ஆரஞ்சிலும் சிவப்பிலும் புதிதாகக் கட்டும் வீட்டுக்குத் தீ தாங்கும் கட்டுமான விதிகள் பொருந்தும். எளிதில் பற்றாத கூரை, கங்கு நுழையாத காற்றுத்துளை, வெப்பத்தில் உடையாத கண்ணாடி, இப்படி. இந்த விதிகள் 2008இல் நடைமுறைக்கு வந்தவை. அவற்றால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு பாரடைஸ் ஊரைக் காட்டலாம். 2018 நவம்பர் 8 அன்று பற்றிய கேம்ப் தீயில் 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஒரு செய்தி நிறுவனம் பின்னர் கணக்கெடுத்தபோது, தீயின் பாதையில் இருந்த வீடுகளில் 2008க்குப் பிறகு கட்டியவற்றில் பாதி சேதமின்றி நின்றிருந்தன. அதற்கு முன் கட்டியவற்றில் ஐந்தில் ஒன்றுகூட அப்படி நிற்கவில்லை. வளைவு இருவருக்கும் ஒன்றுதான். பிரேக் வேறு.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டை இடித்து மாற்றச் சொல்ல மாட்டார்கள். இந்தப் பயத்தில் தூக்கம் தொலைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

சிவப்பில் இன்னொரு கடமை சேர்கிறது: தற்காப்பு வெளி. வீட்டைச் சுற்றி 100 அடி வரை, அல்லது உங்கள் மனை எல்லை வரை, எரியக்கூடியவற்றைக் குறைத்துப் பராமரிக்கும் இடம். மரமே இல்லாத பாலைவனமாக்கச் சொல்லவில்லை. காய்ந்த புல்லை வெட்டுவது, புதருக்கும் புதருக்கும் இடைவெளி விடுவது, கூரை மேல் கவிந்த கிளையைக் கழிப்பதுதான். இதில் சுவரை ஒட்டிய முதல் 5 அடிதான் பெரிய விவாதமானது. ஸோன் ஸீரோ என்று அதற்குப் பெயர். எரியக்கூடிய எதுவும் அங்கே இருக்கக் கூடாது என்ற யோசனையைச் சட்டம் 2020லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் ரோஜாச் செடி இருக்கலாமா, மரவேலி இருக்கலாமா என்று விதி எழுதும் இழுபறி 2025இலும் ஓய்வில்லாமல் நடந்தது. மாநில விதிக்குக் காத்திருக்காமல் பெர்க்லி நகரம் 2025இல் தன் மலைப்பகுதிக்குச் சொந்தமாகவே ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. உள்ளாட்சி கூட்டலாம் என்றேனே, அதற்கு இது ஓர் உதாரணம்.

அப்புறம், வீட்டை விற்கும்போது மண்டலத்தைப் பற்றி வாங்குபவரிடம் தெரிவிக்க வேண்டும். வாங்கப் போகிறவர்கள் இயற்கை அபாயங்கள் குறித்த அந்தப் படிவத்தைக் கையெழுத்துப் போடும் கட்டில் ஒரு தாளாகப் புரட்டிவிடாமல் நிதானமாகப் படிக்கலாம்.

இன்சூரன்ஸ் கதை

மண்டல வரைபடத்தைப் பார்த்துப் பிரீமியம் போடுவதில்லை, நிறுவனங்கள் தங்கள் சொந்த ரிஸ்க் கணக்கை வைத்திருக்கின்றன என்று மாநிலம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இது சமாதானத்துக்குச் சொல்வதல்ல. அந்தக் கணக்குகள் உங்கள் மனையையே பார்க்கின்றன: கூரை என்ன, சரிவு எவ்வளவு, புதர் எவ்வளவு பக்கம். பாலிசிகளைப் புதுப்பிக்க மறுப்பதும் 2025 வரைபடங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

ஆனால் 'சம்பந்தமே இல்லை' என்று யாராவது சொன்னால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு கணக்கும் பார்ப்பது அதே மலையை, அதே காற்றை. சிவப்பில் இருக்கும் வீட்டுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதும் கடினமாக இருந்தால் ஆச்சரியமில்லை. ஒரே நோயை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகக் கண்டுபிடிக்கிறார்கள், ஒருவர் சீட்டைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை.

கூரையை மாற்றிய நண்பரின் ரசீதுக்கு உண்மையில் வேலை இருப்பது இங்கேதான். 2022இல் வந்த மாநில ஒழுங்குமுறையின்படி, தீ தாங்கும் மேம்பாடுகளைச் செய்தவர்களுக்கு நிறுவனம் கட்டணச் சலுகை தர வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது போட்டிருக்கும் காட்டுத்தீ மதிப்பெண்ணையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நகர மன்றத்தில் செல்லாத ரசீது இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் செல்லும்.

நிறமில்லாத தெரு

கடைசியாக, 'தப்பிச்சோம்' என்றவர்.

2017 அக்டோபரில் டப்ஸ் தீ சான்டா ரோசா நகரத்தின் காஃபி பார்க் குடியிருப்பை அடைந்தது. சமதளம், ஒழுங்கான தெருக்கள், பழைய வரைபடத்தில் அபாய மண்டலத்துக்கு வெளியே. காற்று கங்குகளை ஆறு தடங்கள் கொண்ட 101 நெடுஞ்சாலைக்கு மேலாக அள்ளி வீசியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2025 ஜனவரி 7 அன்று பற்றிய ஈட்டன் தீயில் ஆல்டடீனாவில் எரிந்த வீடுகளில் பெரும்பகுதியும் அன்றைய சிவப்புக் கோட்டுக்கு வெளியேதான் இருந்தன.

ஒரு கட்டத்துக்கு மேல் அங்கே எரிந்தது காடே இல்லை. ஒரு வீடு எரிந்து பக்கத்து வீட்டைப் பற்றவைத்தது, அது அடுத்ததை. மண்டலக் கணக்கு செடிகொடியிலிருந்து கிளம்பும் தீயையும் அதிலிருந்து பறக்கும் கங்கையும் பார்க்கிறது. வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவும் தீயைக் கணிக்க அது செய்யப்படவில்லை. வளைவுப் பலகை இல்லாத நேர்ச்சாலையிலும் விபத்து நடக்கிறது, பலகை பொய் சொன்னதால் அல்ல.

உங்கள் முகவரியை மாநில வரைபடத்தில் தேடும்போது மாநிலப் பகுதி அடுக்கு, உள்ளாட்சிப் பகுதி அடுக்கு இரண்டையும் திறந்து பாருங்கள். ஒன்றில் வெறுமையாகத் தெரிவது மற்றதில் நிறத்தோடு இருக்கலாம். பிறகு உங்கள் நகரத்தின் ஆர்டினன்ஸையும் தேடிப் படியுங்கள், மாநிலம் மஞ்சளில் விட்டதை நகரம் உயர்த்தியிருந்தால் அது அங்கேதான் எழுதியிருக்கும். எங்கள் குழுவில் 'தப்பிச்சோம்' என்று போட்டவர் அப்படித் தேடிப் பார்த்தார். தெருவுக்கு உண்மையிலேயே நிறமில்லை. மறுநாள் கூரைக் காற்றுத்துளைக்கு எந்த அளவுக் கம்பிவலை நல்லது என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.